அக்ரி பட்டனை அமுக்கினது யாரு?

'நீங்கள் போலி மென்பொருளிடம் ஏமாந்திருக்கலாம்!'

2006-க்கு அப்புறம் விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரோடு காலேஜ் முடித்த அண்ணன், அக்காக்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வரியை அவர்கள் மறந்திருக்கவே மாட்டார்கள். லாக்-இன் பண்ணும்போதே இங்கிலீஷில் இது வந்து நிற்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற பட்டனை அமுக்குவதற்கே சில விநாடி காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் டாஸ்க்பார் மூலையில் ஒரு நட்சத்திரம், அதன் தலையில் ஒரு பலூன், அதிலும் அதே குற்றச்சாட்டு. 2008-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆசை ஆசையாக வைத்த 'சிவாஜி' ரஜினி வால்பேப்பர் திடீரென்று கறுப்பாகிவிடும். மாற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கறுப்பு!

நம்ம செட்டுக்கு அப்போது தொட்டில் வயசு. ஆனால், அந்த பலூன் கிளப்பிவிட்ட கேள்விக்கு இன்றைக்கும் சரியான பதில் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடுவது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்பது அமெரிக்காவில் இருக்கிற கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்துகொள்வதற்காக இங்கிருந்து என்னவெல்லாம் எடுத்துப் போனது? முக்கியமாக, 'எடுத்துக்கோ' என்று சொன்னது யாரு?

நெல்லைக்காரர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி ரொம்பவே முக்கியம். ஏன் என்று பார்க்கலாம் வாங்க.

'எல்லாம் போட்டு வச்சிருக்கேன் தம்பி!'

இந்த சீன் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். ஜங்ஷனிலோ, வண்ணார்பேட்டையிலோ, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ ஒரு கம்ப்யூட்டர் கடை. அப்பாவும் மகனும் போய் அசெம்பிள்டு பி.சி.க்கு ஆர்டர் கொடுக்கிறார்கள்.

"அண்ணாச்சி, எப்போ வரட்டும்?"

"சாயங்காலம் வாங்க தம்பி. ஓ.எஸ். போட்டு, ஆபீஸ் போட்டு, ஆன்ட்டிவைரஸ் போட்டு, எல்லாம் ரெடியா வச்சிருக்கேன். வீட்ல போய் சுவிட்சைப் போட்டா போதும்."

அப்பாவுக்குப் பரம திருப்தி. மகனுக்கு டபுள் திருப்தி, ரெண்டு கேம் வேறு சேர்த்துப் போட்டிருக்கிறாரே!

இந்தக் காட்சியில் ஒரு விஷயத்தை யாருமே கவனிப்பதில்லை. ஓ.எஸ். போடும்போது பல பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் திரையில் வரும். அதன் அடியில் 'ஐ அக்ரி' என்று ஒரு பட்டன். அந்தப் பட்டனை அமுக்கியது அப்பாவும் இல்லை, மகனும் இல்லை. கடையில் வேலை பார்க்கிற அண்ணன்! ஒரு நாளைக்குப் பத்து மெஷினுக்கு அமுக்குகிறவர் அவர். அவரும் படித்திருக்க வாய்ப்பில்லை. அது தமிழிலும் கிடையாது.

ப்ரவுஸிங் சென்டர் காலத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். சென்டர் ஓனர் ஒரு தடவை 'அக்ரி' என்றால், அன்றைக்கு முழுக்க அந்த கேபினில் வந்து உட்கார்ந்த அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். டிகிரி ரிசல்ட் பார்க்க அம்பாசமுத்திரத்தில் இருந்து பஸ் ஏறி வந்த பெண் உட்பட!

இப்படி நமக்குப் பதிலாக வேறு யாரோ தலையாட்டிய ஒப்பந்தத்தின் வழியாகத்தான் அந்த பலூன் நம் வீட்டுக்குள் வந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விருந்தாளி

பலூனின் முழுப் பெயர் 'விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ் நோட்டிஃபிகேஷன்ஸ்'. சுருக்கமாக டபிள்யூ.ஜி.ஏ.

2001-ல் எக்ஸ்.பி. வந்தபோதே 'ஆக்டிவேஷன்' என்ற பூட்டு வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் உதிரி பாகங்களை வைத்து ஒரு நம்பர் உருவாகும். நெட் வழியாகவோ போனிலோ அந்த நம்பரைச் சொன்னால் சாவி கிடைக்கும். ஒரு தடவை திறந்துவிட்டால், ரொம்பப் பெரிய மாற்றம் பண்ணாத வரைக்கும் தொந்தரவு இல்லை. போனில் பண்ணுகிறவர் பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

2005 ஜூலையில் அடுத்த கட்டம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் எதையாவது டவுன்லோட் பண்ண வேண்டும் என்றால், முதலில் 'நான் ஒரிஜினல்தான்' என்று நிரூபிக்க வேண்டும். செக்யூரிட்டி அப்டேட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. இதுவரைகூடப் பரவாயில்லை. அவர்கள் கடைக்குப் போகிறோம், அவர்கள் பில் கேட்கிறார்கள்.

2006-ல்தான் ட்விஸ்ட். கடைக்குப் போகாதவர்கள் வீட்டுக்கும் ஆள் வந்தார். ஏப்ரல் மாதத்தில் இருந்து நோட்டிஃபிகேஷன்ஸ் புரோகிராம் பல நாடுகளில் ஆட்டோமேட்டிக் அப்டேட் வழியாகவே இறங்க ஆரம்பித்தது. வைரஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட்கள் எந்த வரிசையில் வருமோ, அதே 'அதிமுக்கிய' வரிசையில் இதுவும் வந்தது. இத்தனைக்கும் அது இன்னும் பரிசோதனையில் இருந்த பதிப்பு. பிடிக்கவில்லை என்றால் மற்ற புரோகிராம்களைப் போல அன்-இன்ஸ்டால் பண்ணவும் வழி வைக்கவில்லை.

ஜூன் மாதம் குட்டு வெளிப்பட்டது. இந்தப் புரோகிராம் தினமும் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கு 'போன்' போட்டுப் பேசுகிறது என்பதைச் சிலர் நெட்வொர்க்கைக் கவனித்துக் கண்டுபிடித்தார்கள். கம்பெனியும் ஒப்புக்கொண்டது. "இது உளவு வேலை இல்லை. பரிசோதனைப் பதிப்பு என்பதால் ஏதாவது கோளாறு வந்தால் உடனே நிறுத்துவதற்காக தினமும் செட்டிங்கைச் சரிபார்க்கிறது" என்பது அவர்கள் விளக்கத்தின் சாரம். 'முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்' என்கிற விமர்சனத்துக்குத்தான் அவர்களிடம் நல்ல பதில் இல்லை. முதலில் 'இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை' என்றார்கள். அந்த மாதக் கடைசியில் வந்த இறுதிப் பதிப்பில் தினசரி போனையே எடுத்துவிட்டார்கள். அவ்வப்போது லைசென்ஸை சோதிக்கிற வேலை மட்டும் தொடர்ந்தது.

என்னவெல்லாம் எடுத்தது?

பயப்படுகிற அளவுக்கு லவ் லெட்டரோ, போட்டோவோ இல்லை. பேரும் இ-மெயிலும்கூட எடுக்கவில்லை. கம்ப்யூட்டரின் கம்பெனி மற்றும் மாடல், பயாஸ் விவரம், ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பர், விண்டோஸின் ப்ராடக்ட் கீ, எந்த ஊர் - எந்த மொழி செட்டிங், கூடவே நெட்டில் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருகிற ஐ.பி. முகவரி.

'அவ்ளோதானே பாஸ், இதுல என்ன இருக்கு?' என்று கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லைதான். ஆனால், ஹார்ட் டிஸ்க் சீரியல் நம்பர் என்பது பைக்கின் சேஸிஸ் நம்பர் மாதிரி. உலகத்தில் அதே நம்பரில் இன்னொன்று இருக்காது. இந்த மெஷின் இந்த நேரத்தில் இந்த முகவரியில் ஆன் ஆனது என்று தினமும் ஓர் இடத்தில் பதிவானால், அது மெஷினின் டைரியா... அதை வைத்திருக்கிற ஆளின் டைரியா?

கரன்ட் பில்லை வைத்து யோசித்துப் பாருங்கள். ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க இ.பி.காரர் வருகிறார். வாசலில் குரல் கொடுக்கிறார், மீட்டரைப் பார்க்கிறார், கார்டில் எழுதிவிட்டுப் போகிறார். யாருக்கும் கோபம் வருவதில்லை. அவர் வருவது நியாயம் என்று ஊருக்கே தெரியும். அதே ஆள் 'ஃபியூஸ் மாத்த வந்தேன்' என்று சொல்லி உள்ளே நுழைந்து, தினமும் ராத்திரி மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனால்? ஒரு யூனிட்கூட அவர் கூட்டி எழுதவில்லை என்றாலும், நம்ம தெருவில் பெரிய சண்டையே நடந்திருக்கும்.

காசு வாங்கி விற்கிற ஒரு பொருளுக்கு லைசென்ஸ் சரிபார்க்கிற உரிமை கம்பெனிக்கு உண்டு. அதில் சந்தேகம் இல்லை. சோதித்த 50 கோடிக்கும் மேற்பட்ட மெஷின்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தேறவில்லை என்று 2007-ன் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டே சொன்னது. அவர்கள் கவலைக்கும் காரணம் இருக்கிறது. சண்டை முழுக்க, சொல்லாமல் நுழைந்ததைப் பற்றித்தான்.

கோர்ட் என்ன சொல்லுச்சு?

2006 ஜூன் மாதக் கடைசியிலேயே மைக்ரோசாஃப்டின் சொந்த ஊர்ப் பக்கமான வாஷிங்டன் மாநிலத்து ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு விழுந்தது. 'செக்யூரிட்டி அப்டேட் என்று சொல்லி உளவு மென்பொருளை ஏற்றினார்கள்' என்பது குற்றச்சாட்டு.

2009 ஜூனில் அந்த வழக்கில் ஒரு முக்கியமான உத்தரவு வந்தது. நீதிபதி ரிச்சர்ட் ஜோன்ஸின் கருத்துப்படி, ஐ.பி. முகவரி ஒரு கம்ப்யூட்டரைத்தான் அடையாளம் காட்டுகிறது. அதனால் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட 'ஆளை அடையாளம் காட்டும் தகவல்' என்ற வகைக்குள் அது வராது. வழக்குப் போட்டவர்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து வாதாட அனுமதி கிடைக்கவில்லை. 2010 பிப்ரவரியில் வழக்கு முடிந்துபோனது. கம்பெனி தப்பித்தது.

ஆனால், அந்தக் கேள்வி தப்பிக்கவில்லை. 2016 அக்டோபரில் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் ஜெர்மனியில் இருந்து வந்த வேறொரு வழக்கில் நேர் எதிராகச் சொன்னது. அடிக்கடி மாறுகிற ஐ.பி. முகவரியாக இருந்தாலும், சட்ட வழியில் ஆளைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்தால், அதுவும் தனிநபர் தகவல்தான்!

ஒரே நம்பர். அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் மனுஷன்.

சர்வர் தப்பு பண்ணினா?

'ஒரிஜினல் வச்சிருக்கிறவன் ஏன் பயப்படணும்?' என்பது அந்தக் காலத்தில் இருந்தே கேட்கிற டயலாக். அதற்கு 2007 ஆகஸ்ட் 24 பதில் சொன்னது.

அன்றைக்கு மைக்ரோசாஃப்டில் யாரோ ஒருவர், இன்னும் தயாராகாத கோடிங்கைத் தவறுதலாக நிஜ சர்வரில் ஏற்றிவிட்டார். சர்வருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கின எக்ஸ்.பி., விஸ்டா கம்ப்யூட்டர்களையும் 'போலி' என்று முத்திரை குத்த ஆரம்பித்தது. சுமார் 19 மணி நேரம் இந்தக் கூத்து. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவு என்று கம்பெனி கணக்குச் சொன்னது. விஸ்டாவில் சில வசதிகள் தானாகவே அணைந்தும் போயின. திருடன் என்று பட்டம் கட்டப்பட்ட அத்தனை பேரும் பில் வைத்திருந்தவர்கள்!

2008 அக்டோபரில் கறுப்புத் திரை சீனாவுக்குப் போனபோது பெரிய கொந்தளிப்பு. 'என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திரையை மாற்ற இவர்கள் யார்?' என்று பெய்ஜிங் வக்கீல் ஒருவர் போலீஸ் அமைச்சகத்துக்கே புகார் அனுப்பினார்.

ரஷ்யாவில் கதை இன்னும் சீரியஸ். பைகால் ஏரியைக் காப்பாற்றப் போராடிய ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் ஆபீஸுக்குள் 2010 ஜனவரியில் போலீஸ் நுழைந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. காட்டிய காரணம், 'திருட்டு விண்டோஸ் இருக்கலாம்' என்ற சந்தேகம். எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அமெரிக்கப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்து நாறியதும், ரஷ்யா உள்ளிட்ட பல நாடுகளின் தொண்டு அமைப்புகளுக்கும் சிறு ஊடகங்களுக்கும் இலவச லைசென்ஸ் கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த ரெய்டுக்கும் பலூனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், 'ஒரிஜினலா, போலியா' என்ற கேள்வி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கையில் ஒரு லத்தியும் இருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது இல்லையா?

வெள்ளம் வந்த வீட்டு கம்ப்யூட்டர்

ரஷ்யாவை விடுங்கள், நம்ம தாமிரபரணிக்கு வருவோம்.

2023 டிசம்பர் 17, 18. யாருக்கு மறக்கும்? ஆற்றின் கடைமடைப் பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில் ஜங்ஷன், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீருக்குள். கீழ்த்தளத்தில் இருந்த சி.பி.யு.வுக்குள் சேறு போயிருந்தால், பெரும்பாலும் முதலில் போவது மதர்போர்டு. ஹார்ட் டிஸ்க்கைக் காயவைத்து, வேறு போர்டில் மாட்டி, 'அப்பாடா, டேட்டா தப்பிச்சுது' என்று மூச்சு விடும் நேரத்தில் திரையில் வரும் வரி என்ன தெரியுமா? 'விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை!'

இது கோளாறு இல்லை, டிசைனே அப்படித்தான். புது கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற லைசென்ஸுக்கு 'ஓ.இ.எம்.' என்று பெயர். அது அந்த மெஷினோடு, அதாவது அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டு மாறினால் உங்கள் கம்ப்யூட்டர் சர்வரின் கண்ணுக்கு வேறு கம்ப்யூட்டர். தனியாகக் கடையில் வாங்குகிற 'ரீட்டெய்ல்' லைசென்ஸ் என்றால் அடுத்த மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்தை எத்தனை பேருக்கு பில் போடும்போதே சொல்கிறார்கள்? ஹார்டுவேர் நம்பரை வைத்து நம்மை அடையாளம் காண்கிற சிஸ்டத்துக்கு வெள்ளமும் தெரியாது, சேறும் தெரியாது.

'ஆக்டிவேட்டர்' என்கிற எமன்

இந்த நேரத்தில் பக்கத்து ரூம் நண்பன் பென் டிரைவோடு வருவான். "மச்சான், ஒரு சின்ன ஃபைல்டா. ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணு, வாழ்நாள் முழுக்க ஜெனுயின்!"

கவனித்தீர்களா? முதல் கண்டிஷனே காவல் நாயைக் கட்டிப்போடுவது. அட்மின் அனுமதியையும் கொடுத்து, யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு ஃபைலை ஓடவிடுகிறோம். மைக்ரோசாஃப்ட் நம் சீரியல் நம்பரை எடுக்கிறதே என்று கவலைப்பட்டு, முகம் தெரியாதவனிடம் பேங்க் பாஸ்வேர்டைக் கொடுப்பது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

இது புதுசும் இல்லை. 2006-ல் டபிள்யூ.ஜி.ஏ. சர்ச்சை சூடாக இருந்தபோதே, ஒரு வைரஸ் தன்னை 'விண்டோஸ் ஜெனுயின் அட்வான்டேஜ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு சாட் மெசேஜ் வழியாகப் பரவியது. ஒரிஜினல் விருந்தாளியே சொல்லாமல் வந்தால், வேஷம் போட்டு வருகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 வருடம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் ஜெயிலைத் தவிர்த்து, 50,000 வரை அபராதம் மட்டும் விதிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர் போட்டுக் கொடுத்தது நமக்குத் தெரியாது என்றால் கதை வேறு. 'தெரிந்தே' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான், பட்டனை அமுக்கினது யாரு என்ற கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

வேற வழியே இல்லையா?

இருக்கே! அதுவும் அவர்கள் கையிலேயே.

பெரிய கல்லூரிகளும் கம்பெனிகளும் மொத்தமாக லைசென்ஸ் வாங்கும்போது 'கே.எம்.எஸ்.' என்று ஒரு முறை உண்டு. 25 கம்ப்யூட்டர்களாவது வேண்டும். கேம்பஸுக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும். லேப் கம்ப்யூட்டர்கள் அந்த சர்வரிடம் மட்டும் போய் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு தடவை புதுப்பித்தால் 180 நாள் செல்லும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக வெளியே போய் மைக்ரோசாஃப்டிடம் கையைக் கட்டி நிற்க வேண்டியதே இல்லை. ஆக, விவரத்தை வெளியே அனுப்பாமலும் லைசென்ஸ் சரிபார்க்க முடியும். கூட்டமாக வாங்குகிறவருக்கு அந்த மரியாதை உண்டு, தனியாக வாங்குகிற அப்பாவுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு வழி, லைசென்ஸ் கேட்காத ஓ.எஸ். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களே லினக்ஸுக்கு மாறின. அரசுப் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் போயின. 2011 செப்டம்பரில் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று மெஷினே கேட்கும். அந்த ரெண்டாவது வரியை எத்தனை பேர் ஒரு தடவையாவது தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று அண்ணன்மார்களைக் கேட்டால், சிரிப்புதான் பதிலாக வருகிறது! கையில் கிடைத்த சுதந்திரத்தை ஹார்ட் டிஸ்க்கில் இடம் பற்றவில்லை என்று அழித்தவர்கள் நாம்.

நம்பர் போய் பேர் வந்தது

டபிள்யூ.ஜி.ஏ. என்ற பெயர் இப்போது இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தபோது பெயர் மாறியது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு எக்ஸ்.பி.க்கான ஆதரவும் முடிந்தது. பலூன் உடைந்தது, சரி. பிரச்னை தீர்ந்ததா?

ம்ஹூம்! 2015-ல் வந்த விண்டோஸ் 10, லைசென்ஸ் மட்டும் இல்லாமல் பயன்பாட்டு விவரங்களையும் அனுப்ப ஆரம்பித்தது. 'அளவுக்கு மீறி எடுக்கிறீர்கள்' என்று பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு அமைப்பான க்னில் 2016 ஜூலையில் நோட்டீஸ் விட்டது. மைக்ரோசாஃப்ட் எடுக்கிற அளவைக் குறைத்தபிறகு 2017-ல்தான் அந்த ஃபைலை மூடியது. 2016-ல் இருந்தே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு இணைக்கிற வசதியும் வந்துவிட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 ஹோம், செட்டப் பண்ணும்போதே நெட்டும் அக்கவுன்ட்டும் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் வரை கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் வேண்டும் என்றாலும், அக்கவுன்ட்டோடு வா என்கிறார்கள்.

2006-ல் அவர்கள் எடுத்தது ஹார்ட் டிஸ்க் நம்பர். அதற்கு கோர்ட் வரைக்கும் போய் சண்டை போட்டார்கள். இன்றைக்கு பேர், இ-மெயிலோடு நாமே போய் வரிசையில் நிற்கிறோம். சத்தமே இல்லை!

நமக்கு ஆதரவாகவும் ரெண்டு விஷயம் நடந்திருக்கிறது. சர்வர் குளறுபடி நடந்து சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 24-ல், 2017-ல், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு புட்டசாமி வழக்கில் 'அந்தரங்கம் அடிப்படை உரிமை' என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரவேண்டும் என்று முடிவானது. சம்மதம் என்றால் சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் தெரிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கிற அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வாய்ப்பு தரவேண்டும். அதில் நம்ம தமிழும் உண்டு!

அந்தச் சட்டத்தை ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். சம்மதம் யாருடையது? வாங்குகிறவருடையது. கடை அண்ணன் அமுக்கிய 'அக்ரி' நம்முடைய சம்மதம் ஆகுமா? இதைக் கேட்க வக்கீல் வேண்டியதில்லை. பில் வாங்கும்போது நாமே கேட்கலாம்.

கடைக்குப் போகும் முன் அஞ்சு நிமிஷம்...

* 'முதல் தடவை ஆன் பண்றதை எங்க முன்னாடி பண்ணுங்க அண்ணாச்சி' என்று சொல்லுங்கள். எந்தப் பட்டனுக்கு யெஸ், எதற்கு நோ என்று நீங்களே அமுக்குங்கள்.

* பில்லில் ஓ.எஸ். பெயரையும், லைசென்ஸ் ஓ.இ.எம்.மா ரீட்டெய்லா என்பதையும் எழுதி வாங்குங்கள். போர்டு மாற்ற நேர்ந்தால் அந்த ஒரு வரி கை கொடுக்கும்.

* விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால் உங்கள் லைசென்ஸ் நிலவரம் தெரியும். கடைக்காரரின் அக்கவுன்ட்டோடு இணைந்திருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

* செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்' இருக்கும். அதில் 'ஆப்ஷனல்' விவரங்களை ஆஃப் பண்ணலாம். என்ன போகிறது என்று பார்க்க 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்' அங்கேயே கிடைக்கும். ஒரு தடவை திறந்து பாருங்கள், நெட்வொர்க்ஸ் பேப்பரைவிட சுவாரஸ்யம்!

* செக்யூரிட்டி அப்டேட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். 2006-ல் நடந்த பெரிய நஷ்டமே, 'அப்டேட் போட்டா பலூன் வந்துடும்' என்று பயந்து பலர் அப்டேட்டையே ஆஃப் பண்ணி வைத்ததுதான்.

* ஆக்டிவேட்டரோடு வரும் நண்பனுக்கு டீ வாங்கிக் கொடுங்கள். பென் டிரைவை அவன் பாக்கெட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? காசே கேட்காத லினக்ஸ் காத்திருக்கிறது.

அடுத்த தடவை கடை அண்ணாச்சி "எல்லாம் போட்டு வச்சிருக்கேன் தம்பி" என்று சொல்லும்போது, "ஓ.எஸ். போடுங்க அண்ணாச்சி, அக்ரியை மட்டும் நாங்க வந்து அமுக்கிக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டுமே!